கீழாநெல்லி கடந்து வந்த படிகள்: மூலிகை எப்போது மருந்தாகிறது?

கல்லீரல் நோய்ப் புறநோயாளர் பிரிவில், மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்து, கதவருகே சென்ற பின் திரும்பி வந்து ஒரு கேள்வி கேட்பவர்கள் பலர். "டாக்டர், இதோடு கீழாநெல்லியும் அரைத்துக் கொடுக்கலாமா?" கேட்பவர் பெரும்பாலும் நோயாளியின் தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்னும் தயக்கம் அந்தக் குரலில் இருக்கும்.

அக்கேள்வி கடிந்துகொள்ளத் தக்கதன்று. மருத்துவ அறிவியலே அதைக் கேட்டிருக்கிறது. சென்னையிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஆய்வாளர்கள் அதற்கு விடை தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் கதையை அறிந்தால், ஒரு செடியின் சாறு மருந்து என்று ஏற்கப்படுவதற்கு முன் எந்தெந்த வினாக்களுக்கு விடை கூற வேண்டும் என்பது தெளிவாகும். ஒவ்வொரு வினாவும் எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதும் விளங்கும்.

மஞ்சள் காமாலை ஒரு நோயன்று

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான ஓர் அறிகுறி. பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதனைப் பித்தநீர் வழியே குடலுக்கு அனுப்பி வெளியேற்றுகிறது. இந்தப் பாதையில் எங்குத் தடை ஏற்பட்டாலும் நிறமி இரத்தத்தில் தேங்கிக் கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ போன்ற நச்சுயிரிகள், மது, எலிக்காய்ச்சல், பித்தநாளத்தை அடைத்த கல், கணையப் புற்றுநோய் ஆகிய அனைத்தும் ஒரே மஞ்சள் நிறத்தையே காட்டும். காரணம் வேறு வேறாக இருக்கும்போது மருந்து மட்டும் ஒன்றாக இருக்க இயலாது.

அப்படியாயின், கீழாநெல்லி குடித்துக் குணமானவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் குணமானது உண்மை. மாசடைந்த நீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ, சில வாரங்களில் பெரும்பாலோர்க்குத் தானே நீங்கிவிடும். ஹெபடைடிஸ் ஈ நோயும் பெரும்பாலும் அவ்வாறே; கருவுற்ற பெண்களுக்கு மட்டும் அது பேராபத்தாக முடியக்கூடும். வளர்ந்த ஒருவருக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினால்கூட, இருபது பேரில் பத்தொன்பது பேர் அளவில் ஆறு மாதங்களுக்குள் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அதை வென்றுவிடுகிறார்கள்.

மூன்றாம் வாரத்தில் தானே தணியப் போகும் காமாலைக்கு இரண்டாம் வாரத்தில் ஒருவர் மோரில் கீழாநெல்லியை அரைத்துக் குடிக்கிறார். அடுத்த வாரம் கண் தெளிகிறது. நன்றி கீழாநெல்லிக்குச் செல்கிறது. அவர் வெறும் மோரைக் குடித்திருந்தாலும் அதே வாரம் கண் தெளிந்திருக்குமா? இந்த ஒரு கேள்விக்கு விடை காண்பதற்காகவே மருத்துவச் சோதனை என்னும் முறை தோன்றியது. அனுபவம் பொய் சொல்வதில்லை. ஆனால் இரண்டு காரணங்கள் ஒன்றாக வரும்போது, எது குணமாக்கியது என்று அனுபவத்தால் பிரித்துக் காட்ட முடிவதில்லை.

முதற்படி: எந்தச் செடி?

ஒரு மூலிகையைச் சோதிக்கத் தொடங்குபவர் முதலில் விடை கூற வேண்டிய வினா மிக எளியது: கையில் இருப்பது எந்தச் செடி?

இலைக்காம்பின் கீழே நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால் கீழாநெல்லி என்று பெயர் வந்தது. அதே தோற்றமுடைய நெருங்கிய உறவினச் செடிகள் பல நம் வயல் வரப்புகளிலேயே வளர்கின்றன. தாவரவியலாரே நெடுங்காலம் நம் நாட்டுக் கீழாநெல்லியைப் பில்லாந்தஸ் நிரூரி என்று எழுதிவந்தனர். பின்னரே அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது என்றும், நம்முடையது பில்லாந்தஸ் அமாரஸ் என்றும் திருத்திக்கொண்டனர். தென்னிந்திய மூலிகைக் கடைகளில் கீழாநெல்லி என விற்கப்பட்ட உலர்சரக்குகளை மரபணு முறையில் ஆராய்ந்தபோது, பெரும்பகுதி உண்மையான கீழாநெல்லியாக இருந்தது. எஞ்சியவற்றில் வேறு உறவினங்கள் கலந்திருந்தன.

செடி மாறினால் என்ன நேரும் என்பதற்குப் பெல்ஜியம் ஒரு கொடிய பாடம். 1990களின் தொடக்கத்தில் அங்கு உடல் எடைக் குறைப்புக்காகச் சீன மூலிகை கலந்த குளிகைகள் தரப்பட்டன. பெயர் ஒலிப்பில் நெருங்கிய இரு சீன மூலிகைகளில் ஒன்றுக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த மற்றொன்று இடம் மாறி வந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கச் செய்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. பின்னர்ச் சிலருக்குச் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. நம் நாட்டு ஈசுவரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும் இதே அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே ஆய்வுக்கூடத்திற்கு வரும் ஒவ்வொரு செடியும் முதலில் தாவரவியலாரால் அடையாளம் காணப்பட்டு, மாதிரி உலர்த்தப்பட்டு, எண்ணிட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பின்னாளில் ஐயம் எழுந்தால் அந்த மாதிரியே சாட்சி.

இரண்டாம் படி: சாறு எடுக்கும் முறை

ஒரே செடியிலிருந்து நூறு வகைச் சாறு எடுக்கலாம். நீரில் ஊறவைத்தால் சில பொருட்கள் இறங்கும். சாராயத்தில் ஊறவைத்தால் வேறு சில இறங்கும். கொதிக்கவைத்தால் சில அழியும். கீழாநெல்லியிலுள்ள பில்லாந்தின் என்னும் பொருள் நீரில் எளிதில் கரையாது. அதன் துவர்ப்புப் பொருட்களோ நீரில் நன்கு கரையும். எனவே கீழாநெல்லிச் சாறு என்று சொன்னால் மட்டும் போதாது. எந்தப் பகுதி, எதில், எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் என்று சொன்னால்தான் அது ஒரு மருந்தின் பெயராகும்.

சாறு எடுக்கும் முறையின் அருமையை உலகுக்குக் காட்டியவர் சீன அறிவியலாளர் து யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவரும் அவருடைய குழுவினரும் பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்து பல மூலிகைச் சாறுகளைச் சோதித்தனர். சிங்ஹாவ் என்னும் செடி முதலில் நம்பிக்கை தந்தது, மறுமுறை ஏமாற்றியது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் கோ ஹோங் என்பவர் எழுதிய நூலில், அச்செடியைக் காய்ச்சாமல் குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும் முறை கூறப்பட்டிருந்தது. வெப்பமே மருந்தை அழிக்கிறதோ என்று ஐயுற்ற து யூயூ, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971ஆம் ஆண்டு அக்டோபரில், 191ஆம் எண்ணிட்ட சாறு எலிகளின் மலேரியாவை முற்றிலும் ஒடுக்கியது. அடுத்த ஆண்டு, நோயாளிகளுக்குத் தருமுன், அவரும் உடன் பணியாற்றியோரும் தாமே அதனை உட்கொண்டு பாதுகாப்பைச் சோதித்தனர். அச்செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஆர்ட்டிமிசினினே இன்று உலகெங்கும் மலேரியாச் சிகிச்சையின் அடித்தளம். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய நூல் அவருக்கு வழியைக் காட்டியது. அவ்வழி சரியானதா என்பதைச் சோதனைதான் சொல்லியது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அம்மருந்து நமக்குக் கிடைத்திராது.

சாறு எடுத்த பின் அதில் என்னென்ன பொருட்கள் எவ்வளவு உள்ளன என்று அளக்க வேண்டும். மழைக்காலத்தில் பறித்த செடியும் கோடையில் பறித்த செடியும் ஒன்றல்ல. ஈயம், பாதரசம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி, பூஞ்சை நச்சு ஆகியன உள்ளனவா என்றும் பார்க்க வேண்டும். இணையவழி விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2008இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய உலோகங்கள் காணப்பட்டன.

மூன்றாம் படி: ஆய்வுக்கூடமும் விலங்குகளும்

இப்போது கீழாநெல்லியின் கதைக்கு வருவோம். ஹெபடைடிஸ் பி நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பரூக் பிளம்பர்க். அவர் பிறந்த ஜூலை 28ஆம் நாளையே உலகக் கல்லீரல் அழற்சி நாளாக இன்று கடைப்பிடிக்கிறோம். அவரும் வெங்கடேஸ்வரன் உள்ளிட்ட உடன் ஆய்வாளர்களும் கீழாநெல்லிச் சாற்றைப் பிலடெல்பியாவில் ஆராய்ந்து 1987இல் முடிவுகளை வெளியிட்டனர். நச்சுயிரி பெருகுவதற்குத் தேவையான நொதியைச் சோதனைக் குழாயில் அச்சாறு தடுத்தது.

அடுத்து உட்சக் என்னும் அமெரிக்கக் கொறிவிலங்குகளிடம் சென்றனர். ஹெபடைடிஸ் பி நச்சுயிரியின் நெருங்கிய உறவு ஒன்று அவ்விலங்குகளைத் தாக்கும். சாற்றை ஊசி வழியே செலுத்தியபோது, அண்மையில் தொற்றுற்ற நான்கு விலங்குகளில் மூன்றின் இரத்தத்தில் நச்சுயிரியின் அடையாளங்கள் மறைந்தன. நெடுநாள் தொற்றுடைய விலங்குகளில் விளைவு அவ்வளவு தெளிவாக இல்லை.

இத்தகைய முடிவைப் படிக்கும்போது மூன்று செய்திகளை மறக்கலாகாது. ஒன்று, சோதனைக் குழாயில் நச்சுயிரியை ஒடுக்கும் பொருட்கள் எண்ணற்றவை; சோப்பு நீரும் ஒடுக்கும். அதே பொருள் குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலைச் சிதையாமல் அடைந்து, நம் உயிரணுக்களுக்குத் தீங்கு செய்யாமல் வேலை செய்தால்தான் மருந்து. இரண்டு, ஊசியில் தந்தபோது கண்ட விளைவு வாய்வழி தரும்போதும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. மூன்று, பல மூலிகைகளின் கல்லீரல் காப்பு ஆய்வுகளில் எலிகளுக்கு முதலில் மூலிகையைத் தந்துவிட்டு, அதன்பின் கல்லீரலைத் தாக்கும் நச்சுப்பொருளைத் தருகிறார்கள். எங்களிடம் வரும் நோயாளியோ கல்லீரல் கெட்ட பின்னரே வருகிறார். நெருப்புப் பிடிக்காமல் காப்பதும் எரிகின்ற வீட்டை அணைப்பதும் ஒரே வேலையல்ல.

நான்காம் படி: தீங்கு செய்யாதா?

விலங்குகளிடம் மற்றொரு வினாவும் கேட்கப்படுகிறது. ஒரே முறை அதிக அளவில் தந்தால் என்ன நேரும்? 28 நாட்கள், 90 நாட்கள் தொடர்ந்து தந்தால் கல்லீரல், சிறுநீரகம், இரத்தம் ஆகியன என்னவாகும்? மரபணுவைச் சிதைக்குமா? கருவைப் பாதிக்குமா? தீங்கு எதுவும் தோன்றாத உச்ச அளவைக் கண்டு, அதிலிருந்து வெகுவாகக் குறைத்தே மனிதருக்குரிய முதல் அளவைத் தீர்மானிக்கிறார்கள்.

'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. எட்டியும் அரளியும் ஒடுவன்தழையும் இயற்கை தந்தவையே. சித்த மருத்துவ மரபே மூலிகைகளுக்குச் சுத்தி முறை, அளவு, அனுபானம், பத்தியம் என்று கட்டுப்பாடுகள் விதிப்பது, மூலிகைக்கு ஆற்றல் உண்டு என்பதையும் ஆற்றலுள்ளது தீங்கும் செய்யும் என்பதையும் முன்னோர் அறிந்திருந்ததால்தான்.

அண்மைய எடுத்துக்காட்டு சீந்தில். கொரோனாக் காலத்தில் நோய் எதிர்ப்பாற்றலுக்கென்று பலர் அதனைத் தாமாகவே நாள்தோறும் குடித்தனர். அவ்வாறு குடித்த பின் கல்லீரல் அழற்சியுடன் வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் மருத்துவ இதழில் எழுதினர். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் வகையைச் சேர்ந்ததாக அந்த அழற்சி தோன்றியது. நாட்டின் பிற மருத்துவமனைகளிலிருந்தும் இதே போன்ற செய்திகள் வந்தன. சீந்திலைப் போலத் தோன்றும் வேறொரு கொடியை உண்டிருக்கலாம் என்ற மறுப்பும் எழுந்தது. மறுப்பு சரியாகவே இருந்தாலும் நமக்குரிய பாடம் மாறாது: எந்தச் செடி என்ற முதல் வினாவுக்கே விடையில்லாமல் குடித்திருக்கிறார்கள்.

மற்றொரு தீங்கு, மருந்துகளோடு மூலிகை மோதுவது. மனச்சோர்வுக்காக ஐரோப்பியர் உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை, சைக்ளோஸ்போரின் மருந்தைக் கல்லீரல் விரைவாக அழிக்கும்படி தூண்டுகிறது. மாற்று இதயம் பெற்ற இருவர் அம்மூலிகையை உண்டதால் மருந்தளவு குறைந்து, மாற்று இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிய செய்தி 2000ஆம் ஆண்டில் வெளியானது. மாற்று உறுப்பு பெற்றவர்களிடம் நாங்கள் மூலிகைகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது இதனால்தான்.

ஐந்தாம் படி: மனிதரிடம் கேட்கப்படும் வினா

விலங்குச் சோதனையைக் கடந்த பொருள் மனிதரிடம் வரும்போது, முதற்கட்டத்தில் சிலருக்கு மட்டும் சிறு அளவில் தந்து பாதுகாப்பைப் பார்ப்பர். இரண்டாம் கட்டத்தில் நோயாளிகள் சிலரிடம் பயனையும் உரிய அளவையும் பார்ப்பர். மூன்றாம் கட்டத்தில் பலரிடம், பல இடங்களில், ஒப்பிட்டுப் பார்ப்பர். ஒப்பீடு நேர்மையாக இருக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. மருந்து யாருக்கு, மருந்தில்லாத வெற்றுக் குளிகை யாருக்கு என்பதைக் குலுக்கல் முறை தீர்மானிக்கும். இரு குளிகைகளும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். எவர் எதை உண்கிறார் என்பது நோயாளிக்கும் தெரியாது. அவரைப் பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியாது. மனிதரின் நம்பிக்கையும் விருப்பமும் முடிவைச் சாய்த்துவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

கீழாநெல்லி இப்படிக்கும் வந்தது. சென்னையில் எஸ். பி. தியாகராஜன் தலைமையில், பிளம்பர்க்கும் பங்கேற்ற சோதனையின் முடிவு 1988இல் புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஹெபடைடிஸ் பி நச்சுயிரியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிக் குளிகை தரப்பட்டது. அதை உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்றுக் குளிகை உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. குறிப்பிடத்தக்க தீங்கு எதுவும் தென்படவில்லை. நாட்பட்ட தொற்று ஓராண்டில் நூற்றில் ஒருவர் அளவில்தான் தானே நீங்கும் என்பதால், இந்த முடிவு உலகை வியக்க வைத்தது. எனினும் ஆய்வாளர்கள் தம் ஆய்வை ஒரு தொடக்க நிலை ஆய்வென்றே அழைத்து, மேலும் சோதிக்க வேண்டும் என்றே எழுதினர். அறிவியலின் நாணயம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

மற்ற நாட்டினர் சோதித்தனர். தாய்லாந்தில் 1990இல் வெளியான சோதனையில் கீழாநெல்லி நச்சுயிரியை நீக்கவில்லை. நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் அவ்வாறே. செடி வளர்ந்த மண் வேறா, சாறு எடுத்த முறை வேறா, தொற்றுற்ற காலம் வேறா என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. குழந்தைப் பருவத்தில் தொற்றுற்றவருக்கும் வளர்ந்தபின் தொற்றுற்றவருக்கும் நோயின் போக்கே வேறு. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றுப் பெறும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. இறுதியில், 2011இல் காக்ரேன் அமைப்பினர் 16 சோதனைகளைத் தொகுத்து மதிப்பிட்டனர். நச்சுயிரி எதிர்ப்பு மருந்தோடு சேர்த்துத் தந்த சில சோதனைகளில் நன்மை சுட்டப்பட்டாலும் அவற்றின் தரம் குறைவு என்றும், வெற்றுக் குளிகையைவிடக் கீழாநெல்லி இனம் மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றும் முடிவு கூறினர்.

இதனால் கீழாநெல்லி தோற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, ஒரு குறிப்பிட்ட வடிவில், அதன் பயன் உறுதிப்படவில்லை என்றே சொல்கிறேன். நாளை ஒருவர் அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இந்தப் படிகளையெல்லாம் மீண்டும் கடந்து காட்டினால் நானே முதலில் எழுதித் தருவேன். அதற்கு நம் நாட்டுச் சட்டத்திலும் வழியுண்டு. 2015இல் கொண்டுவரப்பட்ட விதி, தாவரத்திலிருந்து தூய்மைப்படுத்தி, குறைந்தது நான்கு வேதிப்பொருட்களின் அளவு வரையறுக்கப்பட்ட சாற்றுப் பகுதியை, மற்றப் புது மருந்துகளைப் போலவே சோதித்து ஒப்புதல் பெற வழி செய்கிறது.

சீட்டில் இல்லாத ஒன்று

இனி ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியுள்ளேன். நாற்பதை நெருங்கிய ஒருவர். நாட்பட்ட ஹெபடைடிஸ் பி. கல்லீரல் சிறிது சிறிதாக இறுகத் தொடங்கியிருந்தது. நாள்தோறும் ஒரு மாத்திரை உண்டுவந்தார். நச்சுயிரியின் அளவு கருவியால் காண முடியாத அளவுக்குக் குறைந்தது. "நன்றாக இருக்கிறது" என்று நான் சொன்னேன். அச்சொல்லை அவர் 'குணமாகிவிட்டது' என்று புரிந்துகொண்டார். உறவினர் ஒருவர் கீழாநெல்லியைச் சொன்னார். இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று சேராது என்று எண்ணி, மாத்திரையை நிறுத்திவிட்டு ஆட்டுப்பாலில் கீழாநெல்லியை அரைத்துக் குடித்தார். பத்தியமும் தவறாமல் காத்தார்.

ஹெபடைடிஸ் பி நச்சுயிரி கல்லீரல் உயிரணுவின் உட்கருவிலேயே தன் மூலப்பிரதியை வைத்திருக்கிறது. இன்றைய மாத்திரைகள் அது படியெடுப்பதைத் தடுக்கின்றனவேயன்றி மூலப்பிரதியை அழிப்பதில்லை. மாத்திரையை நிறுத்தினால் அது மீண்டும் படியெடுக்கத் தொடங்கும். சிலருக்குக் கல்லீரல் சில வாரங்களிலேயே கடுமையாகச் சிதையும். அவருக்கு அதுவே நேர்ந்தது. வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாறிய நிலையில் அழைத்து வந்தார்கள். மாற்றுக் கல்லீரலுக்கான ஏற்பாடுகள் முடியுமுன் அவர் காலமானார்.

அவருடைய மனைவி என்னிடம் கேட்டார்: "டாக்டர், அந்தச் சாறு விஷமா?" இல்லை, அம்மா. அந்தச் சாறு அவரைக் கொல்லவில்லை. அவர் அரைத்தது உண்மையான கீழாநெல்லியாகவே இருந்திருக்கும். தீங்கற்ற மூலிகையும் தீங்காக முடியலாம். அது தன் ஆற்றலால் அன்று, தான் எதன் இடத்தில் வந்து அமர்கிறது என்பதால். இதை அன்று அவரிடம் சொல்ல எனக்குச் சொற்கள் வரவில்லை.

என் பிழையும் இதில் உண்டு. அதற்கு முந்தைய வருகையில் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டேன், அவர் தலையசைத்தார். வேறு என்ன உட்கொள்கிறீர்கள், அல்லது உட்கொள்ள நினைக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை. கதவருகே சென்று திரும்பிக் கேட்கும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. அன்று முதல் அக்கேள்வியை நோயாளி கேட்குமுன் நான் கேட்டுவிடுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கண் மஞ்சளானால் முதலில் காரணத்தைக் கண்டறியுங்கள். இரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் பெரும்பாலும் வழியைக் காட்டிவிடும்.

2. தூக்கம் தலைகீழாதல், பேச்சுத் தடுமாறல், இரத்தக் கசிவு, ஓயாத வாந்தி, வயிறு உப்புதல் ஆகியன தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். கருவுற்ற பெண்ணுக்குக் காமாலை வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

3. மூலிகைச் சாறு, லேகியம், சூரணம், பொடி என்று எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பாட்டிலையோ பொட்டலத்தையோ செடியையோ உடன் கொண்டு வாருங்கள். எவரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்.

4. சித்த மருத்துவம் பெற விரும்பினால், பட்டம் பெற்றுப் பதிவுசெய்த சித்த மருத்துவரிடம் செல்லுங்கள். எங்கள் சீட்டை அவரிடமும் அவருடைய சீட்டை எங்களிடமும் காட்டுங்கள்.

5. ஹெபடைடிஸ் பி மாத்திரையை உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். 'நச்சுயிரி தென்படவில்லை' என்றால் 'நச்சுயிரி இல்லை' என்று பொருளன்று. செலவு காரணமாக நிறுத்த நினைத்தால் எங்களிடம் சொல்லுங்கள்; 2018இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் இம்மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

6. வீட்டில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் மற்ற அனைவரும் பரிசோதித்துக்கொண்டு, தேவையானவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்திற்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும்.

சோதிக்கப்படாத ஒரு சாற்றைக் குடிப்பவரும் ஒரு சோதனையில்தான் இருக்கிறார். அதில் அளவு தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க எவரும் இல்லை. தீங்கு நேர்ந்தால் குறித்துக்கொள்ளவும் ஆளில்லை. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் கேட்கும் வினாக்கள் எல்லாம், அந்தச் சோதனை உங்கள் உடலில் நடவாமல் இருப்பதற்காகவே. ஆகவே அடுத்த முறை வரும்போது கதவருகே சென்று தயங்க வேண்டாம். நாற்காலியில் அமர்ந்தவுடனேயே அக்கேள்வியைக் கேளுங்கள்.